ஏழு நாற்பது வண்டி

முதல் தடவை
மேசை விரிப்புகள் வைக்கும் இழுப்பறையில் கண்டெடுத்தேன்.
இஸ்திரி போட்ட வெள்ளைத் துணிகளுக்கு நடுவே
செய்தித்தாளில் பொட்டலமாய்,
சணல் கயிற்றில் இரட்டை முடிச்சோடு,
அவருடைய உள்ளாடை.
யெசெனித்சே ரயில் நிலையத்தில் முப்பத்தொரு வருடம்
பார்சல்களுக்கு முடிச்சுப் போட்ட கை.
முகவரிதான் எழுதவில்லை.

கத்தினேன். ஒளிப்பானேன், தெருவுக்கே கேட்கக் கத்தினேன்.
அலோய்ஸ் எழுந்து நின்றார்.
"அம்மணி, ஏதோ நாய் உள்ளே புகுந்திருக்கிறது,
புகார்ப் புத்தகம் அந்த ஜன்னலில்" என்றார்.
நாற்பத்தாறு வருடத்தில்
என்னை அம்மணி என்றது அன்றுதான்.

செவிலி மிர்யாம் வந்தாள்.
காலணியைக்கூடக் கழற்றாமல் நேரே கழிப்பறைக்குப் போனாள்.
வெள்ளைத் தரை, வெள்ளைச் சுவர், வெள்ளைப் பீங்கான்.
"இதில் எதன்மேல் உட்காருவது என்று
அவருக்கு எப்படித் தெரியும்?
சிவப்பு இருக்கை மாட்டுங்கள்.
கறுப்பு மிதியடியை எடுத்துவிடுங்கள்,
அவர் கண்ணுக்கு அது கிணறு."
அந்தக் கிணற்றுக்குள் நான் அவரை
எத்தனை காலை முதுகில் கைவைத்துத் தள்ளியிருக்கிறேன்.

ஒரு நோட்டு போடச் சொன்னாள்.
எத்தனை மணிக்கு, இளக்கமா இறுக்கமா, என்ன சாப்பிட்ட பிறகு.
பத்தாம் நாள் தெரிந்தது:
காபி குடித்து இருபது நிமிடம்.
அதற்குக் கொஞ்சம் முன்னே சட்டைப் பொத்தானைத் திருகுவார்,
பிறகு எழுந்து கதவுகளை எண்ணுவார்.
ஏழு நாற்பது.
பெல்யாக் போகும் வண்டியும் அந்நேரம்தான்,
எங்கள் பாத்திர அலமாரி லேசாக அதிரும்.

இப்போது பெல்ட் கிடையாது,
இழுத்தால் இறங்கும் கால்சட்டை.
பல்செட் மாட்டுவதற்கு முன்பே காபி.
"போகணுமா" என்று கேட்பதில்லை, கேட்டால் இல்லை என்பார்.
"இரண்டாம் நடைமேடை" என்பேன். வருவார்.
உட்காரவைத்து, குழாயைச் சொட்டவிட்டு,
கதவுப்பக்கம் திரும்பி நிற்பேன்.
சில நாள் வண்டி வரும்.
சில நாள் வராது.
சில நாள், நான் பால் பொங்குகிறதா என்று பார்க்கப் போன நேரத்தில்
கூடத்தின் நடுவில் வரும்.
"தாமதத்துக்கு வருந்துகிறோம்" என்பார் ஒலிபெருக்கிக் குரலில்.
ஒருமுறை சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார்.
காலோடு வழிந்துகொண்டிருந்தது.

இடுப்பில் ஒரு துண்டைப் போர்த்திவிட்டுக்
கீழே கழுவ வேண்டும்.
மூடியிருந்தால் கை ஓங்க மாட்டார்.
தேய்க்கக் கூடாது, ஒற்ற வேண்டும்.
மடிப்புகளில் ஈரம் நிற்கக் கூடாது.
பிறகு களிம்பு, மெல்லிசாக, வெண்ணெய் தடவுகிற மாதிரி.
அதற்குப் பின் ரொம்ப நாள்
நான் வெண்ணெய் தின்னவில்லை.

க்ராட்ஸிலிருந்து மகன் கோராஸ்த் பேசினான்.
"ஒரு இல்லம் பார்க்கலாம் அம்மா."
"பார்க்கலாம்."
நோட்டில் அதற்குக் கட்டம் போடவில்லை நான்.

நேற்று ஜனவரிக் குளிரில்
எல்லா ஜன்னல்களும் திறந்து கிடந்தன.
மாடிவீட்டு ஸ்லாவித்சா வால்நட் ரொட்டியோடு வந்தாள்.
வாசலில் ஒரு நொடி நின்றாள். தெரிந்துவிட்டது அவளுக்கு.
கோட்டைக் கழற்றவில்லை, தொப்பியையும்.
கத்தி எங்கே என்று கேட்டாள்.
அலோய்ஸுக்கு ஒரு துண்டு, எனக்கு அதைவிடப் பெரிதாக.
கையை மூன்று தடவை கழுவியிருந்தேன்,
இருந்தும் நகக்கண்ணை நினைத்து முள்கரண்டி தேடினேன்.
"கையாலேயே சாப்பிடு, ஆறப்போகிறது" என்றாள்,
எப்போதோ ஆறிப்போன ரொட்டியை.
மூன்று பேர் மூச்சும் புகையாய்ப் போக
தொப்பி போட்டுக்கொண்டு சமையலறையில் தின்றோம்.
அவர் பங்கைக் காபியில் நனைத்து ஊட்டினேன்.

நாலரை மணி இருக்கும்.
நோட்டில் இல்லாத நேரம்.
அவர் கை பொத்தானுக்குப் போனது.
எனக்கு முன்னால் ஸ்லாவித்சா எழுந்துபோய்
கழிப்பறை விளக்கைப் போட்டாள்.